ஈயக் கல்கண்டு

நைந்துபோன சேலைத் தலைப்பில் தொங்கும் நூலை உயர்த்திப் பிடிக்கிறாள் ஜோதிமணி. நூல் தென்னந்தோப்புப் பக்கம் சாய்கிறது. மலைக்காற்றுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பீங்கான் தொட்டியில் திராவகத்தைச் சாய்க்கிறாள்.

தொட்டிக்குள் பழைய பேட்டரிகளிலிருந்து உருக்கி எடுத்த ஈயச் சீவல்கள். அவை சீறுகின்றன. செம்மண் நிறத்தில் புகை எழும்பித் தோப்புக்குள் போகிறது. அந்தக் கறுத்த ஈயம் கரைந்தபின் மிஞ்சுவது கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிந்த நீர். அதைக் காய்ச்சி ஆறவிட்டால் வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாக உறையும். சாயக்காரர்கள் வாங்கிப் போவார்கள். "கல்கண்டு வெளஞ்சிருச்சுங்க," என்பாள் முதலாளியிடம்.

பாலசமுத்திரத்துக்கு வெளியே இருக்கும் இந்தக் கொட்டகையில் முதலில் வேலை பார்த்தவன் அவள் கணவன் செந்தில்வேல். ஓர் அடைமழை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு திராவகம் ஊற்றினான். லேசாக இருமினான், வீட்டுக்கு வந்து சாப்பிட்டான், படுத்தான். விடியும்போது மூச்சு முட்டி நுரை கக்கினான். பிழைத்துக்கொண்டான், ஆனால் தெருமுனைவரை நடந்தாலே உட்கார்ந்துவிடுகிறான். அதன்பின் ஜோதிமணி வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

வேப்பமரத்தில் தூளி கட்டி இராசாத்தியைப் போடுவாள். அழுதால் விரலை வாயில் கொடுப்பாள். "எம்புட்டு அழுதாலும் எங்கையி பட்டாப் போதும், கம்முன்னு ஆயிரும்," என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

இராசாத்திக்கு இப்போது ஆறு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேச்சும் வரவில்லை. போன வருஷம், 2006இல், வலிப்பு கண்டு மதுரைக்குத் தூக்கிப்போனபோது, ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"எப்படிம்மா உள்ள போச்சு?"

ஜோதிமணி தன் விரல்களைப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பியதும் நேரே கொட்டகைக்குப் போய், ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"இனிச்சுச்சுக்கா," என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளிடம். "எம்புள்ள பாலுக்கு அழுகலக்கா. இதுக்குத்தான் அழுதிருக்கு."

வேலையை விட்டுவிட்டுத் தாண்டிக்குடிக்குக் காப்பிப்பழம் பறிக்கக் குடும்பத்தோடு போனாள். மலைக்குளிரில் செந்தில்வேலுக்கு மூச்சே நின்றுவிடும்போல் ஆனது. பழம் தீர்ந்ததும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஏன்டி, தெரிஞ்சே மறுபடியும் அந்தச் சோலிக்கா போற?" என்று திட்டினாள் பாப்பம்மாள்.

"வேற எவன்க்கா என்னையக் கூப்பிடுறான்?"

இப்போது பிள்ளையைக் கொட்டகைப் பக்கமே விடுவதில்லை. வேலைச் சேலையை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, வாய்க்காலில் இறங்கி, மணலைப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்த பிறகுதான் வீடு திரும்புகிறாள். ஆனாலும் தன் கைகளை அவள் நம்புவதில்லை.

பொழுது சாய்ந்ததும் செந்தில்வேல் சோறு பிசைந்து மகளுக்கு ஊட்டுகிறான், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. எதிர்ச்சுவரில் சாய்ந்து, கைகளிரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஜோதிமணி. ஒவ்வோர் உருண்டைக்கும் பிள்ளை வாய் திறக்கும்போது, அவள் வாயும் திறந்து மூடுகிறது.