தெரிந்த பிழை

போன மாதம் அக்கா என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கடையின் மாடியில் அக்காவின் கணவர், என் அத்தான், கணக்கு டியூஷன் நடத்திவந்தார். அந்த வகுப்புச் சுவரில் இத்தனை வருடமும் தொங்கிய தாள் அது. அத்தான் காலமான பிறகு மாடியைக் காலி செய்தபோது அக்கா கழற்றி எடுத்து வந்திருக்கிறார். தாளில் இருப்பது ஒரு கணினி நிரலின் முதல் திரையின் அச்சு, அவ்வளவுதான். அதைப் பராமரிப்பவர்கள் என்று பல நாட்டுப் பெயர்கள் வரிசையாக இருக்கும். நடுவில் என் பெயர், அதன் கீழே அத்தான் போட்ட சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

தொண்ணூறுகளில் நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் வேலை பார்த்தேன். மாலையில் அது முடிந்த பிறகு சம்பளமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்தேன். எக்ஸ், ஒய் என்று எழுத்துகளை வைத்தே இயற்கணிதம் போடும் நிரல் ஒன்று இருந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத சிலர் மின்னஞ்சலிலேயே பேசி அதைப் பராமரித்தோம். பராமரிப்பு என்றால் பெரும்பாலும் பிழை திருத்துவதுதான். இந்தக் கணக்குக்கு விடை தப்பாக வருகிறது என்று எங்கிருந்தோ ஒருவர் எழுதுவார். காரணத்தைத் தேடி ஒரு வரியை மாற்றுவோம். அந்த மாற்றம் வேறெதையும் கெடுக்கவில்லையே என்று பழைய கணக்குகளையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்போம். வீட்டில் இதை மதித்தவர் அத்தான் ஒருவர்தான். மதித்தார் என்பதைவிடத் தலையில் தூக்கி வைத்து ஆடினார் என்று சொல்லலாம். கல்யாணப் பந்தியிலும் பாசாரில் மீன்காரரிடமும் ஒரே பேச்சுத்தான்: "நம்ம மச்சான் எழுதுன ப்ரோக்ராம்லா. தப்பே வராது." நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே இனித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ வகுப்பில் ஒருநாள், எக்ஸிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, அதற்கே வர்க்கமூலம் எடுத்தால் வரும் கோட்டுக்குக் கீழே, பூஜ்யத்திலிருந்து நான்குவரை உள்ள பரப்பைக் கேட்டார் அத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மகள் ஐந்து என்றாள். வகுப்புக் கணினியில் ஓடிய என் நிரல் நான்கு என்றது. "கம்ப்யூட்டரே நாலுங்குது. கம்ப்யூட்டரை விட நீ கெட்டிக்காரியா?" என்று அத்தான் கேட்க, வகுப்பே சிரித்தது. "வரைஞ்சு காட்டுறேன் சார்" என்று அவள் எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

மனசு கேட்காமல் அத்தானே ஒருநாள் கோட்டை வரைந்து பார்த்திருக்கிறார். வர்க்கமூலம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. அதனால் கோடு பூஜ்யத்தைத் தொட்டதும் மேலே திரும்பிவிடும்; அந்தப் பரப்பு அடுத்தடுத்து நிற்கும் இரண்டு முக்கோணங்கள். சின்ன முக்கோணத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் நிரல் கழித்திருந்தது. அவள் சொன்ன ஐந்துதான் சரி. மோட்டாரை விரட்டிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசைமேல் அந்தப் படத்தை வைத்தார். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெரியும் அத்தான். இது எங்களுக்குத் தெரிஞ்ச தப்புத்தான்" என்றேன்.

நிரல் எழுதும் எங்கள் வட்டாரத்தில் 'தெரிந்த பிழை' என்று ஒரு வகை உண்டு. இதை யாரோ ஒருவர் முன்பே எழுதித் தெரிவித்திருந்தார். அந்தப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. சரியாகத் திருத்தினால் வேறு பல கணக்குகள் இடிந்து விழும், அவற்றையும் நிமிர்த்த வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இதை அத்தானிடம் விளக்கினேன், அதுவும் ஆசிரியர் தோரணையில். அவர் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். "தெரிஞ்சேவா விட்டு வச்ச, மச்சான்? நான் அந்த வரியைப் படிக்கலயே. உன் பேரைத்தானே பார்த்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அன்று மாலையே என்னைப் பின்னால் உட்கார வைத்து அந்தப் பெண்ணின் பிளாட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். அம்மா ஆரஞ்சுத் தண்ணீர் கொண்டுவந்தார். அத்தான் உட்காரவில்லை. "நீ சொன்னதுதான் சரிம்மா. தப்பு என் மேல. கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்றேன், நீ வா" என்றார். பிறகு பழக்க தோஷத்தில் என்னைக் காட்டி, "இது என் மச்சான். அந்த ப்ரோக்ராமை இவந்தான் பார்த்துக்கிறான்" என்றார். எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, வேற எங்கெல்லாம் இப்படித் தப்பா வரும்?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் பக்கம் பக்கமாக என்னிடம் இருந்தது. "பார்த்துச் சொல்றேன்மா" என்றேன். அப்பா, "பரவால்ல சார்" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அவள் திரும்பி வரவில்லை. வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அவள் இல்லாத வகுப்பிலும் அத்தான் சொன்னபடி எழுந்து நின்று தன் தப்பைச் சொன்னாராம். நான் அந்தப் பிழையைத் திருத்தினேன். வாரக்கணக்கில் ஆனது, ஆனால் முடியாத வேலையொன்றும் இல்லை. சுவரிலிருந்து என் பெயரை அத்தான் கழற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன், கழற்றியிருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் கழற்றவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் பழைய குரலிலேயே என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தினார். பேச்சின் வால் மட்டும் மாறியிருந்தது: "தப்பு இருந்தா சொல்லுங்கலா. தெரிஞ்ச உடனே சரி பண்ணிடுவான்." கிண்டல் இல்லை, அத்தானுக்குக் கிண்டல் வராது. அதை நம்பித்தான் சொன்னார், கடைசிவரை எல்லோரிடமும் சொன்னார். ஒவ்வொரு முறையும் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த நிரல் இன்னும் இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். தெரிந்த பிழைகளும் இருக்கின்றன, அதில் ஒன்றை இந்த வாரம்தான் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். "அவரு ஆசையா வச்சிருந்தது, உன் ரூம்ல மாட்டிக்கோ" என்றார் அக்கா, தாளைக் கொடுத்தபோது. அன்றைக்கே ஆணி அடித்துவிட்டேன். தாள் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.