பொரிக்குப் பழகிய மீன்கள்

செல்லச்சாமி அண்ணனுக்கு முதுகு போய் நாலு வருஷம் ஆகிறது. ஹேவாஹெட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதி ஆயுள் பூச்சிமருந்தடிக்கும் டேங்க் சுமந்த முதுகு. அது விழுந்த பிறகுதான் விருந்தாளிகள் தங்கும் பங்களாவின் குளத்தைக் காவல் பார்க்க வாச்சராகப் போட்டார்கள். நான் அதே பங்களாவில் சமையல். தேத்தண்ணீர் குடிக்கக் குசினி வாசலுக்கு வந்தால் அவர் உட்காருவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். எழும்புவது அதைவிடப் பெரிய பாடு.

குளத்தில் விட்ட ட்ரவுட் மீன்கள் புதுசு. நுவரெலியாப் பக்கத்திலிருந்து போன மாதம்தான் லொறியில் வந்தன. தொட்டியில் உருண்டைத் தீனி தின்று வளர்ந்த சோம்பேறிகள். ஈசல் எது, தும்பி எது என்று அதுகளுக்கு ஒரு இழவும் தெரியாது. தூண்டில் போட வரும் விருந்தாளிகளோ இறகும் ஜரிகையும் வைத்த பொய்ப் பூச்சிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். கல்யாணப் பெண்கூட அவ்வளவு சோடிக்க மாட்டாள். அண்ணன் ஒரு பழைய கம்பளித் தொப்பியைப் பிரித்து, அந்த மண்ணிற நூலைக் கொக்கியில் குண்டாகச் சுற்றிக் கொடுப்பார். பார்த்தால் தீனி உருண்டைதான். மீன் பாய்ந்து கவ்வும்.

அம்மன் திருவிழா முடிந்த சனிக்கிழமை அதையும் கவ்வவில்லை. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் காலை முழுக்க வீசிக் களைத்தார்கள். மனேஜர் சுதேஷ் சேர் கரைக்கே வந்துவிட்டார்.

"செல்லச்சாமி, இன்னைக்கு மீன் படலேன்னா குளத்துக்கு வாச்சர் எதுக்கு? திங்கக்கிழமை மருந்தடிக்கப் போயிரு."

அண்ணன் முகம் செத்துப்போய்க் குசினிக்கு வந்தார். "ஒன்னும் வெளங்கல தங்கச்சி. மறுபடி டேங்க் தூக்கினா நான் முடிஞ்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க காப்புக் கட்டிக்கிட்டு வாரம் முழுக்கக் கோயில்லயே கெடந்தீங்க. கரகத்தத் தண்ணியில விட வந்த சனம் மீனுக்குப் பொரிய அள்ளிப் போட்டுச்சு. அதுலருந்து லயத்து வீடுகள்ல இருக்கிற புள்ளைங்க தெனமும் போடுதுங்க. இப்ப அதுங்க ஒங்க தொப்பிய ஏன் பாக்கப் போவுது?"

"பொரியா? அட கடவுளே!"

என் சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்தார். கொக்கியில் சுற்றினார், பொரி அளவுக்கு நறுக்கினார். விருந்தாளிகள் அதை வீசிய கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரே கூச்சல். சாயங்காலம்வரை மாற்றி மாற்றி மீன் பட்டது. விருந்தாளிகள் அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் சுதேஷ் சேர் சிரித்த முகத்தோடு வந்தார். "வெள்ளைதான் புடிக்குதுன்னு தெரிஞ்சிருச்சே! பெட்டி நெறையக் கட்டி வச்சிரு. வர்றவங்க தாங்களே எடுத்துக்குவாங்க. மருந்தடிக்க ஆள் பத்தல, நீ திங்கக்கிழமை அங்க வந்துரு."

"சரிங்க சேர்," என்றார் அண்ணன்.

சேர் அந்தப் பக்கம் போனதும் நான் அண்ணனிடம் பாய்ந்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா? ஏதாவது சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தச் சொல்ல? பொரி நின்னா அதுங்க வேற எதையாச்சும் தின்னப் பழகிரும். அப்ப வெள்ளையத் திரும்பியும் பாக்காது."

"அதத்தான் சொல்லுங்களேன்!"

"அப்ப எதைப் போடணும்னு கேப்பாரு. எனக்கும் தெரியாதும்மா. தெனம் கரையில நின்னு பாத்தாத்தான் தெரியும்."

பஞ்சு தீரும்வரை உட்கார்ந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை அவர் முதுகில் டேங்கை ஏற்றிவிட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.