ஓட்டாத கடைசி ரீல்

திருப்பதி பேருந்து நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் யாராவது ஓர் ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டுவிடுவார்: "தரிசனம் ஆச்சா சாமி?" காய்கறிப் பையோடு நின்றாலும் கேட்பார்கள். பள்ளிச் சீருடையில் மகள் பக்கத்தில் நின்றாலும் கேட்பார்கள். வந்தவர்கள் மொட்டையடித்துக்கொண்டு, லட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வண்டியில் திரும்பிப்போகிற ஊர் இது. ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்களும் அப்படித்தான் வந்து போகிறீர்கள். போகிறவர்களின் ஊரில் இருக்கிறவனாக இருப்பது விசித்திரமான பிழைப்பு. வெகுகாலம் அந்தக் கேள்வி எனக்குக் கசக்கவில்லை. உள்ளுக்குள் ஆமாம் என்றுகூடச் சொல்லிக்கொண்டதுண்டு. நானும் போகிறவன்தானே.

என்னைப் போகிறவனாக ஆக்கியது ஒரு சினிமா. ஆரணிக்குக் கிழக்கே, எங்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பாலிடெக்னிக் படித்த நாட்களில் அந்தப் படத்தை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிணறு வெட்டுகிறவன் கதை. ஊர் ஊராகப் போவான். மண்ணை அள்ளி முகர்ந்துவிட்டுக் கடப்பாரையை ஊன்றுவான். ஊற்று திறந்ததும் ஊரே கூத்தாடும். முதல் குடம் மேலே வருவதற்குள் அவன் லாரியில் ஏறியிருப்பான். கடைசி ஊரில் அவனுக்குச் சோறு போட்ட பெண் ஈரக் கையோடு சாலைவரை ஓடி வருவாள். லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அவன் தலையைத் திருப்ப மாட்டான். திரை வெளுக்கும், 'வணக்கம்' சிலைடு விழும், நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுவோம். ஓடும்போதே என் கழுத்து விறைத்திருக்கும். நானும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அந்த வயதில் முடிவு செய்தேன்.

தொழிலும் அதற்கேற்றதாக வாய்த்தது. தொழிற்சாலைகளில் இயந்திரங்களை நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்புகிற வேலை. முதலில் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலை. பருவத்தில் சாலை முழுக்க மாம்பழம் நாறும். சட்டை, தலையணை, குடிக்கிற தண்ணீர் எல்லாமே இனிக்கும். பக்கத்துப் பாலசமுத்திரத்தில்தான் மஞ்சுளாவைப் பெண் பார்த்தார்கள். தலைமுறைகளாக அங்கே உழுதுவரும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். கல்யாணமும் ஆனது. இயந்திரம் ஓடியது, மாலை போட்டார்கள், கிளம்பினோம். பிறகு ஓசூர், புனே, நாசிக். எந்த வாடகை வீட்டிலும் நான் சுவரில் ஆணி அடித்ததில்லை. கழற்றிக்கொண்டு போகப்போகிற காலண்டருக்கு ஜன்னல் கம்பி போதாதா?

திருப்பதிக்கு வந்து, ஸ்ரீசிட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரத் தொடங்கியபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக இயந்திரம் என்னிடம் மக்கர் செய்தது. நான் நிறுவிய இயந்திர வரிசை ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எதனால் நிற்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொறுப்பை என்னைவிட இளையவரான ஒருவரிடம் கொடுத்தார்கள். மரியாதைக் குறைவாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குஜராத்தில் புது ஆலை என்று கேள்விப்பட்டதும் மாற்றல் கேட்டேன், கிடைத்தது. திங்கட்கிழமை சம்மதம் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினேன்.

மஞ்சுளா ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை.

"இந்த வாட்டி நான் வரல. நீ போய்க்கினே இரு. நானும் பாப்பாவும் இங்கயே இருந்துக்கறோம்."

"இன்னாத்துக்கு இங்க? யாரு இருக்காங்க நமக்கு?"

"பால்காரனுக்கு என் பேரு தெரியும். அது போதும். எந்த ஊர்லயாச்சும் ஒரு ஆணி அடிச்சியா நீ? ரயில்ல ஏறுனவன் பொட்டி மேல உக்காந்தாப்ல உக்காந்துக்கினு..." மீதியைத் தெலுங்கில் முடித்தாள். எனக்கு விளங்காமல் திட்டுவதற்கு அவளிடம் ஒரு மொழி உண்டு.

அந்த ஞாயிறு மத்தியானம், கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்கார லலிதம்மா அவளை டிவி பார்க்க அழைத்திருந்தார். பெட்டி கட்ட ஆள் வேண்டுமென்று நான் இறங்கிப் போனேன். திரையில் லாரி. புழுதி. ஈரக் கையோடு ஓடி வரும் பெண். என் படம், தெலுங்கு பேசிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். இரவல் குரல் என்றாலும் கழுத்து பழையபடி விறைத்தது. லாரி மறைந்து சோப்பு விளம்பரம் வந்ததும், "முடிஞ்சி போச்சி, எழுந்து வா" என்றேன்.

"கூர்ச்சோண்டி சார்," என்று நாற்காலியைக் காட்டினார் லலிதம்மா. "சினிமா இன்னும் உந்தி." இன்னும் இருக்கிறதாம்.

"இல்லம்மா, அவ்ளோதான் படம். நான் பாக்காத தடவையா?"

படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துவிட்டார் போல. "மீ... உங்க தமிழ் சினிமாதானே, கொஞ்சம் பொறுத்துக்கோ சார்" என்று சமாதானம் சொன்னார். மஞ்சுளா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளம்பரம் முடிந்தது. படம் முடியவில்லை. லாரியிலிருந்து அவன் இன்னொரு ஊரில் இறங்கினான். மண்ணை முகர்ந்தான், தோண்டினான். பாறை. இன்னும் தோண்டினான். பாறை. ஊற்று வரவேயில்லை. நான் அறிந்த அந்த மனிதன் முதல்முறையாகத் தலை குனிந்து, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்க்கண்ணில் படாமல் சாலையை நோக்கி நடந்தான். கல் உடைக்கிற ஒரு பெண் சோற்றுத் தட்டோடு வந்து குறுக்கே நின்று வேகமாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?"

மஞ்சுளா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தண்ணி வரலன்னா இன்னா? உன்ன யாரு போவச் சொன்னாங்க? உக்காந்து துன்னு."

அவன் உட்கார்ந்தான். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. முதல் கவளத்தைக் கையில் வைத்தபடி அவன் தலையைத் திருப்பினான், லாரி போவதைக் கடைசிவரை பார்த்தான், பிறகு சாப்பிட்டான். அதுதான் முடிவு. மஞ்சுளா சொன்னது அந்தப் பெண்ணின் பேச்சு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மாடிக்கு வந்ததும் அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழித்த சேகருக்குப் போன் போட்டேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது. "அடப்பாவி, இது தெரியாதா உனக்கு? கடேசி பஸ்ஸு போய்டும்னு கிராமத்து ஜனம் கத்தும். ஆபரேட்டரு கடேசி ரீல ஓட்டாமயே வணக்கம் போட்ருவாரு. நம்மூர்ல எந்தப் படத்தடா முழுசா பாத்தோம்?"

எங்களை நேரத்தோடு வீடு சேர்ப்பதற்காக எடுத்துவைத்த ரீல் அது. அந்தக் கரிசனத்தால் பஸ் பிடித்து ஒழுங்காக வீட்டுக்குப் போன நான், அதே கரிசனத்தால் எந்த வீட்டிலும் தங்காதவனாக வளர்ந்தேன். யாரை நோவது? தோற்றுப்போன இடத்திலும் ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது, என் தாய்மொழியில் எடுத்த படத்திலேயே இருந்திருக்கிறது. அதை அரைகுறையாகப் புரிகிற மொழியில் பார்த்து, பாலசமுத்திரத்துப் பெண் ஒருத்தி சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

திங்களன்று குஜராத் வேண்டாம் என்றேன். அந்த இளைஞரின் கீழேயே வேலை பார்க்கிறேன் என்றபோது என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. மாலை வீட்டில் சொன்னேன். மஞ்சுளா நம்பவில்லை. "நெஜமாவா? இன்னிக்கி சொல்லுவ, நாளைக்கி லாரிய கூட்டிக்கினு வருவ" என்றாள். ஆனாலும் லலிதம்மாவிடம் சுத்தியல் வாங்கிவர அவளே இறங்கிப் போனாள்.

கால்கள் இன்னும் அடங்கவில்லை. நேற்றும் பேருந்து நிலையத்துக்கு வெளியே அந்தக் கேள்வி வந்தது. "தரிசனம் ஆச்சா சாமி?"

"இல்லு இக்கடே," என்றேன், வீடு இங்கேதான் என்று, எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

ஆட்டோக்காரர் சிரித்தார். "தமிழ்லயே சொல்லு சாமி, பரவால்ல. முன்னாடி ஃபுல்லு, பின்னாடி ஏறிக்கோ."

ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்துப் போட்ட பலகையில் உட்கார்ந்தேன். அதே நேரம் நிலையத்திலிருந்து ஆரணி பஸ் வெளியே வந்து, எதிர்த்திசையில் திரும்பியது. ஆட்டோ என்னை வீட்டுக்குக் கொண்டுபோனது. முகம் ஆரணி பஸ்ஸைப் பார்த்தபடியே இருந்தது. தலையைத் திருப்ப வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.