கொடியில் வேட்டி இல்லாத சந்து

காலை பத்து மணி. ஜப்பான்காரர்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பியிருந்ததால் வெயிலுக்கு எட்டரைதான். சிரம்பானில் நாங்கள் வீடு பார்க்கப் போன சந்தில் முதலில் கண்ணில் பட்டவை துணி காயும் கொடிகள்.

நாங்கள் வேலை செய்த கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்பும் பட்டியலில் என் கணவரின் பெயரை எழுதிவிட்டார். திங்கட்கிழமை லாரி வரும். அதற்குள் நகரத்தில் ஒரு வீடு வாங்கி அவரை ஒளித்துவைக்க வேண்டும். ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லை; வீட்டுக்கு விலையாகக் கொடுக்க எங்களிடம் இருந்தது ஒரு தையல் மிஷின்தான். ஸ்டேஷன் பக்கம் நல்ல வீடு கிடைத்தது. ஆனால் அங்கே தெருவில் நடந்துபோனவர்களையே பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சந்தில் ஒரு பலகை வீடு. மகளோடு போர்டிக்சனுக்குப் போகவிருந்த அம்மாள் அதை விற்றாள்.

"இங்க ரெண்டு மாசமா ஆள்பிடிக்க ஒருத்தனும் வரல லா, தங்கச்சி" என்றாள்.

கணவரின் முகம் தெளிந்தது. "இதையே எடுத்துக்குவோம்."

"கொடியப் பாருங்க" என்றேன்.

ஏழு வீட்டுக் கொடிகளிலும் சேலை, பாவாடை, குழந்தைத் துணி. ஒரு வேட்டியோ ஆண்பிள்ளைச் சட்டையோ இல்லை.

அம்மாள் மறைக்கவில்லை. "இருந்த ஆம்பளைங்கள எல்லாம் ஜப்பான்காரன் ஏத்திட்டுப் போயிட்டான். இனி யாரத் தேடி வருவான்?"

"அப்ப இந்தச் சந்துக்கே நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளை" என்றார் கணவர்.

"மெதுவாப் பேசுங்க, தம்பி."

வேறு இடம் தேட நாள் இல்லை. சனிக்கிழமை மிஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குடிபுகுந்தோம். அவருடைய வேட்டியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.