தாலாட்டில் ஒரு 'எழுந்திரு'

எங்கள் சபையில் அம்மாவின் பாட்டு இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. மாட்டுத்தொழுவத்துக் குழந்தைக்கான தாலாட்டு அது. சிறுவர்கள்கூடப் புத்தகம் பாராமல் பாடுவார்கள். ஆனால் ஒவ்வொரு சரணமும் 'எழுந்திரு, கண்ணு' என்று முடியும். தாலாட்டில் யார் குழந்தையை எழுப்புவார்கள்? மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. அந்தச் சொல் எப்போதும் உறுத்தும். அது உயிர்த்தெழுதலைக் குறிக்கிறது என்று ஆயர் ஒருமுறை பிரசங்கத்தில் விளக்கினார். சரி என்று விட்டுவிட்டேன்.

போன டிசம்பரில் பாடகர் குழுத் தலைவர் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மாற்றலாகி ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"ஆன்ட்டி, வெளியூர்லேர்ந்து விருந்தாளிங்க வராங்க. தூங்க வைக்கிற பாட்டுல எழுந்திருன்னா சிரிப்பாங்க. 'உறங்கிடு'ன்னு வச்சுக்கலாமா? தாளம்கூட மாறாது."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றேன் தம்பி."

"அப்படியே பாட்டு வந்த கதையையும் ரெண்டு நிமிஷம் மேடையில சொல்லிடுங்க."

"கதையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

ஆலயத் திரையில் பாட்டு வரிகளைப் போடுவது என் பொறுப்பு. அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்து, "மாத்திடட்டுமா?" என்று கேட்டேன். அம்மா தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினாள்.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இறந்திருந்தான். எனக்குத் தெரிந்தவை: ஆண் குழந்தை, காய்ச்சல், கார்த்திகை மாதம். போட்டோ இல்லை. மீதியை அன்றுதான் கேட்டேன். தீபத்தன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ கிரிவலக் கூட்டத்தில் நகரவில்லை. அப்பா இறங்கி முன்னால் ஓடி வழி விடச் சொல்லிக் கெஞ்சினார். மடியில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. தூங்குகிறான் என்று நினைத்து அம்மா முதலில் தட்டிக்கொடுத்தாள். பிறகு எழுப்பினாள்.

"ஆட்டோக்காரர் திரும்பிப் பாத்துட்டு அழுதுட்டாரு. நான் அழல. எழுப்பிக்கிட்டே இருந்தேன்."

அடுத்த சில வாரங்களில் கிறிஸ்துமஸ் வந்தது. ஆலயத்தைப் பெருக்கும்போது அந்த வரிகள் அவள் வாயில் ராகத்தோடு வந்தன. கேட்டவர்கள் இயேசு பாலகனுக்கென்று நினைத்து எழுதிக்கொண்டார்கள். அம்மா மறுத்துச் சொல்லவில்லை.

"அப்படின்னா மாத்த வேணாம்மா," என்றேன்.

அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கினாள்.

"மாத்திடு. எத்தனை வருஷமா எல்லாரும் சேர்ந்து எழுப்புறோம். போதும். தூங்கட்டும் அவன்."

மாற்றினேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் திரையில் 'உறங்கிடு, கண்ணு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பாடகர் குழு அப்படியே பாடியது. சபையோ திரையைப் பார்க்கவே இல்லை. கைதட்டிக்கொண்டு, மனப்பாடமாக, முழுக்குரலில் 'எழுந்திரு' என்றது. ஒவ்வொரு சரணத்திலும் அப்படித்தான்.

கடைசி வரிசையில், என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மா உட்கார்ந்துவிட்டாள். அடுத்து நின்ற மூத்த பெண்மணி குனிந்து, "கால் வலியா?" என்றார்.

"ஆமாக்கா," என்றாள் அம்மா. "இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு."