சமயநல்லூரிலிருந்து வந்த அளவு ஜாக்கெட்

வீட்டிலேயே தையல் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான். எந்த மெஷினும் தைக்கும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: "ஒங்க வீட்ல முன்ரூம் யாருக்கு?"

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முன்ரூம். அதில் என் மெஷின், கட்டிங் மேசை, டிவி, பிள்ளைகளின் புத்தகப் பை, ஷேர் ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை எல்லாம் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. பிள்ளைகள் இரண்டும் வீட்டுப்பாடம் எழுதிப் படித்தது அந்த மேசைக்கு அடியில்தான். மேலே கத்தரிச் சத்தம் திடீரென்று நின்றால் மகள் தீபிகா தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, தப்பா வெட்டிட்டியா?" என்று கேட்பாள். மேசை மேல் பட்டு இருக்கும் நாளில் முறுக்கு, மிக்சர், எண்ணெய் வைத்த தலை எதற்கும் முன்ரூமில் அனுமதி இல்லை. என் வீட்டுக்காரர் கூட வாசலில் நின்று, "இன்னைக்குப் பட்டா, காட்டனா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். தெருவுக்கே நான் தைத்துக் கொடுத்தாலும் என் பிள்ளைகளுக்குத் தீபாவளி உடுப்பு தீபாவளியன்று காலையில்தான் தயாராகும். அந்தக் குறை இரண்டுக்கும் இன்றுவரை போகவில்லை.

இத்தனை வருடத் தையலில் எனக்குச் சோதனையாக வந்த ஜாக்கெட் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

1. பார்க்காத பெண்ணுக்குத் தைப்பது

எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் பட்டு எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். பல வீடுகளில் ஜாக்கெட்டையும் அவர்களே தைத்து, புடவையோடு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்காகப் பெண் வீட்டிலிருந்து அளவு ஜாக்கெட் ஒன்று வரும். அதாவது பெண்ணுக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய ஜாக்கெட். அதைப் பார்த்து நாங்கள் தைப்போம். பெண்ணை நாங்கள் பார்ப்பது மணவறையில்தான். போட்டுப் பார்ப்பது, திருத்துவது என்ற பேச்சே கிடையாது.

ராஜேஸ்வரி அக்கா எங்களுக்கு அடுத்த தெரு. அவர் தெருமுனையில் பேசினாலே என் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும், அப்படிப்பட்ட குரல். மகன் சரவணனுக்குச் சமயநல்லூரில் பெண் எடுத்திருந்தார். பெண் பெயர் பவித்ரா, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் காலை பட்டுத் துணியையும் ஒரு துணிக்கடைப் பையையும் என் மேசையில் வைத்தார்.

"செல்வி, பொண்ணு வீட்ல இருந்து அளவு வந்துருச்சு. கையில கனமா ஆரி போடச் சொல்லு. மண்டபத்துல கடைசி வரிசைல உக்காந்திருக்கவுகளுக்கும் பளிச்சுன்னு தெரியணும்."

அவர் போன பிறகு பையைப் பிரித்தேன். ரோஸ் கலர் ஜாக்கெட், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. எங்கள் கையில் எந்த ஜாக்கெட் வந்தாலும் முதல் வேலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதுதான். டீச்சர் தினமும் புடவை கட்டுகிறவள். அவள் ஜாக்கெட் என்றால் அக்குளில் சாயம் வெளுத்திருக்கும், கொக்கி இழுபட்டிருக்கும், பக்கத் தையலை ஒருமுறையாவது பிரித்து விட்ட ஊசித் தடம் இருக்கும். இதில் அப்படி எதுவுமே இல்லை. மிஞ்சிப்போனால் இரண்டு முறை உடுத்தியிருப்பார்கள்.

சரி, புதிதாகத் தைத்ததை அனுப்பியிருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். மனம் கேட்கவில்லை. ராஜேஸ்வரி அக்கா வாட்ஸ்அப்பில் போட்டிருந்த நிச்சயதார்த்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண் நல்ல வாட்டசாட்டமாக, சிரித்த முகமாக இருந்தாள். நான் முகத்தை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தேன், மேசையில் இருந்த ஜாக்கெட்டின் கையைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன்.

"அம்மா, எல்லாரும் பொண்ணு எப்படியிருக்குன்னு பாப்பாங்க. நீ என்ன கைய ஜூம் பண்ணிட்டு இருக்க?" என்றாள் தீபிகா.

"இந்தக் கையி அந்தக் கைக்கு ஏறாதுடி," என்றேன்.

2. ஆரி என்றால் அவ்வளவுதான்

சாதாரண ஜாக்கெட் என்றால் இந்தப் பயம் வேண்டாம். உள்ளே தாராளமாகத் துணி விட்டு மூன்று தையல் ஓட்டிவிடுவோம். பிடித்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். ஆரி வொர்க் என்கிற கை எம்பிராய்டரியில் அந்த வசதி கிடையாது. கழுத்தையும் கையையும் துணியில் வரைந்து, சட்டத்தில் கட்டி, மணியும் ஜரிகையும் கோத்த பிறகுதான் வெட்டுவோம். கையைச் சுற்றி வேலைப்பாடு எந்த அளவுக்குப் போட்டதோ அதுதான் கை. பிறகு பிரித்துப் பெரிதாக்கினால் நடுவில் வெறும் துணி பல்லை இளிக்கும். புடவையோடு வந்த துணி அந்த ஒன்றுதான், இன்னொன்று வாங்கவும் முடியாது. ஆரி போடும் பெண் வேறு, இந்த வாரமே வரைந்து கொடுத்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டாள்.

நான் வந்த அளவுக்கே தைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்க முடியாது. ஆனால் முகூர்த்த நேரத்தில் அறைக்குள் அந்தப் பெண் கை நுழையாத ஜாக்கெட்டோடு நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. புகுந்த வீட்டுக்காரர்கள் நடுவில், பிறந்த வீட்டுக்காரர்கள் நடுவில், அவள் உடம்பைப் பற்றி ஆளாளுக்குப் பேசுவார்கள். அவள் ஆயுசுக்கும் அதை மறக்க மாட்டாள்.

ராஜேஸ்வரி அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஆரி போடுறோம்ல, பொண்ண ஒரு தடவ நேர்ல பாத்து அளவெடுத்துட்டா நல்லாருக்கும்."

"அதான் அளவு வந்துருச்சுல்ல."

"இல்லக்கா, எதுக்கும்..."

"அவுக குடுத்தத நான் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிப்போகும் செல்வி. இதப்பத்தி எங்கிட்டப் பேசாத. நீயே பாத்துத் தையி."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வேலையையும் கொடுத்து வாயையும் பூட்டுகிறாரே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அன்று மதியம் வீட்டில் செய்த ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பட்டு நாளில் அவர் எதுவுமே சொல்வதில்லை.

3. அழகர்கோவிலில் அளவெடுத்தது

மறுநாள் சரவணன் முகூர்த்தப் புடவையை ஃபால்ஸ் அடிக்கக் கொண்டுவந்தான். அவனிடம் பெண்ணின் நம்பரைக் கேட்டேன்.

"எதுக்கு சித்தி?" என்றான், காதெல்லாம் சிவந்து.

"ஒன் கல்யாண ஜாக்கெட் விஷயம்ப்பா. ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் மொதல்ல வெட்டிப் போடும்," என்று சொல்லிக்கொண்டே நம்பரைக் கொடுத்தான். மனப்பாடமாக வைத்திருந்தான், பாவம்.

பவித்ராவுக்குப் போன் போட்டேன். யார் என்று சொன்னதும், "அது என்னோட அளவுதான்க்கா," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"சரிம்மா. அத இப்ப போட்டா கைய மேல தூக்க முடியுமா?"

சன்னமான குரலில், "முழங்கைக்கு மேல ஏறாதுக்கா," என்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு, "ராத்திரி எல்லாம் இதே நெனப்புதான்க்கா. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல," என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளையின் ஊர்ப்பக்கம் வர முடியாது. நான் சமயநல்லூர் போனாலோ, அவர்கள் தெருவிலேயே யாராவது பார்த்து ராஜேஸ்வரி அக்காவுக்குச் சேதி போய்விடும். முதல் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைக்க வெள்ளிக்கிழமை அழகர்கோவில் போகிறோம் என்றாள் பவித்ரா. நானும் இன்ச் டேப்பைப் பர்ஸில் போட்டுக்கொண்டு, தீபிகாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாமி கும்பிடப் போகிறவர்களுக்கு யார் கணக்குக் கேட்பது?

கும்பிட்டு முடித்து, ஆண்களை எல்லாம் தோசைப் பிரசாதம் வாங்க வரிசைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வந்த வேனுக்குள் பவித்ராவை ஏற்றினேன். ஒரு பக்க ஜன்னலுக்குத் தீபிகா துப்பட்டாவைப் பிடித்தாள், இன்னொரு பக்கத்துக்குப் பவித்ராவின் அம்மா முந்தானையைப் பிடித்தார். முன் கண்ணாடியை நாங்கள் மறந்துவிட்டோம். ஒரு குரங்கு அதன் மேல் உட்கார்ந்து, நான் டேப்பைச் சுற்றுவதை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யார்கிட்டயும் சொல்லாதுல்லம்மா?" என்றாள் தீபிகா. பவித்ரா சிரித்த சிரிப்பில் மார்பளவை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

கை ரவுண்டில் மட்டும் இரண்டரை இன்ச் வித்தியாசம். நான் டேப்பைச் சுருட்டும்போது பவித்ராவின் அம்மா முந்தானையை விடாமலே பேசினார்.

"தப்பா நெனைக்காதம்மா. இவ ஜாக்கெட்டு அம்புட்டும் வெளுத்துப் போயிருக்கும். தெனமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போறது. அதப்போயி எப்படிச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புறது? எங்க வீட்டுத் தரித்திரத்த நாங்களே தட்டுல வச்சுக் குடுத்த மாதிரி ஆகிடாதா? பக்கத்து வீட்டுப் புள்ளையோடது புதுசா இருந்துச்சு. கொஞ்சம் பிடிச்சா உள்ள பிரிச்சு விட்டுக்கலாம்னு நெனச்சேன். ஆரி போடுவாகன்னு எனக்குத் தெரியாதும்மா."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். நானும் தீபிகாவுக்கு அதைத்தான் செய்வேனோ என்னவோ.

"சம்பந்திக்கு மட்டும் தெரிய வேணாம்மா," என்றார்.

"தெரியாது மதினி. எங்கிட்ட வந்த ஜாக்கெட்டு பவித்ராவோடதுதான்," என்றேன்.

4. மாலை மாற்றும் நேரம்

எடுத்த அளவுக்கு வரைந்தேன். ஆரி முடிந்து வந்ததும் வெட்டினேன். அந்தப் பட்டில் கத்தரி வைக்கும்போது மட்டும் டிவியை நிறுத்தச் சொன்னேன். கொக்கி தீபிகா கட்டினாள். ஜாக்கெட் புடவையோடு தட்டில் ஏறிப் போய்விட்டது. அதன் பிறகு நான் செய்ய ஒன்றும் இல்லை, பயப்படுவதைத் தவிர.

கல்யாணத்தில் எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்ப்பார்கள். தையல்காரி பார்ப்பது மாலை மாற்றுவதை. அதுவரை கையை ஒடுக்கி உட்கார்ந்திருக்கும் பெண் அப்போதுதான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவாள். அக்குளில் வெட்டு சரியில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பவித்ரா மாலையோடு எழுந்தாள். சரவணனின் கூட்டாளிகளுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. "மாப்ள, குனியாதடா," என்று கத்திக்கொண்டே அவனை அலக்காகத் தூக்கிவிட்டார்கள்.

நான் தீபிகாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பவித்ரா நுனிக்காலில் நின்று எம்பினாள். எட்டவில்லை. மறுபடி எம்பி, கையை முழுதாக நீட்டி, மாலையை வீசினாள். அது அவன் கழுத்தில் விழுந்தது. மண்டபமே கைதட்டியது. ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுவை இல்லை. கையில் இருந்த ஆரி கடைசி வரிசை வரைக்கும் மின்னியது. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

"எதுக்கு அழுகுற?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. ராஜேஸ்வரி அக்கா. என் காதருகே குனிந்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"அவுக குடுத்துவிட்ட ஜாக்கெட்டு அந்தப் புள்ளைக்குப் பத்தாதுன்னு பாத்தன்னைக்கே எனக்குத் தெரியும் செல்வி. நிச்சயத்தன்னைக்கு அவளப் பாத்தேன்ல. நான் வாயத் தொறந்து கேட்டா அந்தச் சம்பந்தியம்மா எம்முகத்துல எப்படி முழிக்கும்? அதான் ஒன் தலையில கட்டுனேன். சொல்லு, எப்படிச் சரி பண்ணுன?"

இத்தனை நாளும் இவரை மனதுக்குள் திட்டியதெல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. மணவறையிலிருந்து பவித்ராவின் அம்மா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நீங்க குடுத்த அளவுக்குத்தான்க்கா தச்சேன்," என்றேன்.

ராஜேஸ்வரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணவறையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற தன் சொந்தக் குரலில், "சம்பந்தி, அளவு ஜாக்கெட்டு அளவெடுத்தாப்புல அனுப்பியிருக்கீக, தையக்காரி சொல்லுறா," என்றார். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன்.

புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டிங்கை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம், இப்போது போனிலேயே கற்றுத் தருகிறார்கள். ஆனால் துணி கொடுக்க வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூச்சத்தையும் சேர்த்தே நம் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை வெளியே விடாமல் வேலையை முடித்துக் கொடுத்தால், முன்ரூம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தொழில் நிற்கும்.