மாமரத்து ரூமின் குறைகள்

துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் அந்தத் தாளை வைத்துவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க ஒரு சோப்புக்கட்டியைத் தூக்கி வைத்தாள் மேல்மாடி அக்கா. குற்றாலத்தில் சாரல் பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே எழுத்து. சி. நாங்கள் துப்புரவு வேலை பார்த்த லாட்ஜை வெளியூர்க் கம்பெனி ஒன்று எடுத்து நடத்தத் தொடங்கியபின் வந்த வழக்கம் இது. ஏ வாங்கினால் சம்பளம் கூடும், பி வாங்கினால் அப்படியே இருக்கலாம், சி வாங்கியவர்களை சீசன் முடிந்ததும் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு பி. அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன், அக்காவின் கண்ணில் படக்கூடாதென்று.

அவள் வேலை சுத்தமாக இருக்கும். அவள் துடைத்த கண்ணாடியில் கைரேகை பார்க்க முடியாது. பிறகெப்படி சி? மேனேஜர் தாளிலேயே எழுதியிருந்தார்: இவருடைய அறைகளில்தான் லாட்ஜிலேயே அதிகமான குறைகள். அந்தக் குறைகள் என்னுடையவை.

எனக்குக் கீழ்த்தளம், அவளுக்கு மேல்மாடி. எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு வருகிற வயசாளிகள் படியேற முடியாமல் கீழேதான் ரூம் கேட்பார்கள். அருவியில் என்னதான் குளித்தாலும் எண்ணெய் போகாது. அப்படியே வந்து படுத்தால் விரிப்பில் ஆள் உருவத்துக்குக் கறை விழும். சாக்கடை அடைப்பதும் கீழே, சுவரில் ஓதம் ஏறுவதும் கீழே. தினமும் வேலை முடிந்ததும் இதையெல்லாம் குறை நோட்டில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு பீடி சுற்ற உட்கார்ந்தவள். வாசிக்க வரும். எழுதினால் எழுத்து கோணும், கொம்பும் சுழியும் இடம் மாறும். அதனால் நான் சொல்லச் சொல்ல அக்காதான் எழுதுவாள், அவளே கையெழுத்தும் போடுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடந்தது.

ரூம் நம்பரைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். நாங்கள் நம்பரே எழுதியதில்லை. பழைய முதலாளி காலத்திலிருந்து எங்கள் வாயில் மாமரத்து ரூம், கிணத்து ரூம், மாமியார் ரூம்தான். மரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் ஆக்கியாயிற்று, கிணற்றையும் மூடியாயிற்று. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட ஒரு மாமியார் இரண்டு நாள் கதவைத் திறக்காமல் உள்ளே கிடந்ததால் வந்த பேர் மூன்றாவது. புதிதாக வந்த மேனேஜருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யார் கையெழுத்து எத்தனை இருக்கிறதென்று எண்ணினார், மதிப்பெண் போட்டார்.

அக்கா சும்மா விடவில்லை. இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக்கொண்டு போய் நின்றாள். நான் வரவேற்பறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ரூமெல்லாம் கீழ இருக்கு சார். எனக்கு மேல்மாடி."

"கீழ இருக்கறதை கீழ வேலை பாக்கறவங்கதானே எழுதணும்? உங்க கையெழுத்து எப்படி வந்துச்சு?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பு பாஸ் என்று நான் பொய் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாத முடிவுக்குள் சரியான காரணம் சொன்னால் பார்க்கலாம் என்று மேனேஜர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பதினொரு நாள். அக்கா ஒருத்தி சம்பளத்தில்தான் அவள் மகள் தென்காசியில் நர்சிங் படித்தாள். அது தெரிந்தும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இயல்பாகவே நான் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டி பஸ் ஏறியபின் பூட்டினோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போனவள். சர்டிபிகேட் கேட்பார்களா, போலீசில் கொடுப்பார்களா, வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்றே ஓடியது மனசு. ஆனால் அந்தப் பதினொரு நாளும் வேலை முடிந்ததும் அக்கா மாடிப்படிக்குக் கீழே நோட்டை விரித்து உட்கார்ந்து, "சொல்லுட்டி" என்பாள். நான் சொல்வேன். அவள் எழுதுவாள். கையெழுத்துப் போடுவாள்.

பதினொன்றாம் நாள், "மாமரத்து ரூம், விரிப்புல எண்ணெ" என்றேன். அவள் எழுதிவிட்டுக் கையெழுத்துக்காகப் பேனாவை ஊன்றினாள். என்னால் பார்க்க முடியவில்லை. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. "பத்தாவது இல்ல சார், ஏழு" என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் ஒரு தாளை நீட்டி, இன்றைய குறையை எழுதச் சொன்னார். ஒரு வரி. அவர் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறும் வரை எழுதினேன். பிறகு நோட்டும் கையுமாக அவரைக் கூட்டிக்கொண்டு போய், இது மாமரத்து ரூம், இது கிணத்து ரூம் என்று ஒவ்வொரு கதவாகக் காட்டினேன். எல்லாம் கீழ்த்தளம்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் திட்டினார். அக்காவுக்கு பி போட்டார். எனக்கு சி எழுதி, வேலையை விட்டு நிறுத்தாமல் ஒரு வருஷச் சம்பள உயர்வை மட்டும் நிறுத்தினார்.

அக்கா கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னாள்:

"பதினோரு நாளா ஒன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கு சொல்லுவா, நாளைக்கு சொல்லுவான்னு. நானே சொல்லிருந்தா ஒனக்கு வேல போயிரும். நீ சொல்லலேன்னா எனக்குப் போயிரும். இதுகூட தெரியாத பச்சப்புள்ளையாட்டி நீ?"

"இனிமே நீயே எழுது" என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அந்த சீசன் முழுக்க நாங்கள் தனித்தனியாகச் சாப்பிட்டோம். நான் எழுதுவதை எட்டிப்பார்த்து, "கலெக்டரம்மா கையெழுத்துப் போடுதா, எல்லாரும் எந்திரிங்க" என்று அவள் மறுபடி கேலி பேச ஆரம்பித்தது ஐப்பசி மழையில்தான்.

இப்போது கதவுக்கெல்லாம் பித்தளையில் நம்பர் அடித்திருக்கிறார்கள். குறைகளை போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும். மாமரத்து ரூம் என்றால் புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அக்கா மேற்பார்வையாளராகி, வேலையை விட்டு, வீரகேரளம்புதூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போவதற்கு முன் கடைசியாக எனக்கு மதிப்பீடு எழுதியது அவள்தான். கையெழுத்துக்குத் தாளை என்னிடம் தள்ளினாள். பி. கீழே அவளுடைய உருண்டை எழுத்தில் இரண்டு வரி:

வேலை சுத்தம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார், நாளாகும்.

அதற்கும் கீழே, மறுப்பு இருந்தால் எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. நான் நாலைந்து தரம் வாசித்தேன்.

"என்னட்டி, எதுத்து எழுதப்போறியா? எழுது, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"இல்லக்கா. சரியாத்தான் போட்டிருக்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.